விடுமுறை நாள் விடியற்காலைச் சாலை ஓட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள நேரங்கள் எல்லாம் காலை 6:00 மணிக்குத் தொடங்கும் 10 கி.மீ. பந்தயத்தை வைத்துச் சொல்லப்பட்டவை. உங்கள் பந்தயம் 5:30-க்கு என்றால் எல்லாவற்றையும் அரை மணி நேரம் முன்னால் நகர்த்திக்கொள்ளுங்கள். அரை மாரத்தானுக்கு (21.1 கி.மீ.) எங்கே கணக்கு மாறுமோ அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

சாதாரண ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கும் உள்ளூர் விடுமுறைப் பந்தயத்துக்கும் என்ன வித்தியாசம்?

ஓடும் தூரம் ஒன்றுதான். சுற்றியிருப்பவைதான் மாறும். விடுமுறை நாள் கால அட்டவணைப்படி பேருந்தும் ரயிலும் தாமதமாகத் தொடங்கலாம். முதல் வண்டியே பந்தயம் தொடங்கிய பிறகு வந்தால் அதனால் பயனில்லை. கடைகள் திறந்திருக்காது. ஊக்கு, வாசலின், பிளாஸ்திரி, டார்ச் பேட்டரி எதுவானாலும் முதல் நாளே வாங்கி வைத்துவிட வேண்டும். வழக்கமாகப் போகும் மருத்துவரும் அன்று இருக்க மாட்டார். எனவே "லேசான வலிதான், ஓடிப் பார்த்துவிட்டு நாளைக்குக் காட்டலாம்" என்ற யோசனை வேண்டாம்.

இன்னொன்று, கூட்டம். விடுமுறை நாளில் முதல்முறை ஓடுபவர்கள், குடும்பத்தோடு நடப்பவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர்கள் எல்லாம் அதிகம். முதல் 1 கி.மீ. நெரிசலாகத்தான் இருக்கும். அந்தக் காலையில் உங்கள் சொந்தச் சாதனையை முறியடித்தே தீருவேன் என்று திட்டமிட்டால், அந்த 1 கி.மீ.-யில் எத்தனை நொடி போகும் என்பதையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

எத்தனை மணிக்கு எழ வேண்டும்?

3:15-லிருந்து 3:30-க்குள். பலர் 4:45-க்கு எழுந்து, பல் துலக்கி, நேராகத் தொடக்கக் கோட்டுக்கு ஓடுகிறார்கள். முதல் 3 கி.மீ. கால் கனமாக இருப்பதற்கு அதுவே காரணம். உடல் வெப்பநிலை பொதுவாக அதிகாலை 4 மணியை ஒட்டித்தான் மிகக் குறைவாக இருக்கும். மூட்டும் சதையும் இறுக்கமாக இருக்கும். எழுந்த பிறகு அரை மணி நேரம் வரை மூளையிலும் தூக்கத்தின் மந்தம் தங்கும். இதெல்லாம் விலகவும், சாப்பிட்டது இறங்கவும், வயிறு காலியாகவும் இரண்டரை மணி நேரமாவது வேண்டும்.

மணிக்கணக்காகச் சொன்னால் இப்படி: 3:20-க்கு எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர், 3:40-க்குச் சாப்பாடு, 4:00-லிருந்து 4:30-க்குள் கழிப்பறை, 4:40-க்கு வீட்டை விட்டுக் கிளம்புதல், 5:10-க்குத் திடலில், 5:15-க்குக் கழிப்பறை வரிசை, 5:35-க்கு வார்ம்அப், 5:52-க்குத் தொடக்கக் கோட்டில். இதில் எங்காவது 10 நிமிடம் விழுந்தால், விழட்டும். வார்ம்அப்பிலிருந்து மட்டும் அதைப் பிடுங்காதீர்கள்.

முந்தின இரவு தூக்கமே வராது. என்ன செய்வது?

ஒரு இரவு தூக்கம் கெட்டதால் மட்டும் 10 கி.மீ. ஓட்டம் கெட்டுப்போவதில்லை. அதற்கு முந்தைய இரண்டு மூன்று இரவுகளின் தூக்கம்தான் கணக்கு. ஆகவே பந்தயத்துக்கு நான்கு நாள் முன்பிருந்தே தினமும் 20 நிமிடம் முன்னதாகப் படுத்து, 20 நிமிடம் முன்னதாக எழுங்கள். கடைசி இரவு தூக்கம் வராவிட்டால் விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா படுத்திருங்கள். எத்தனை மணி என்று பார்க்கவே கூடாது. அலாரம் இரண்டு வேண்டும், அவற்றில் ஒன்று கைக்கு எட்டாத தூரத்தில்.

விடுமுறைக்கு முந்தின இரவு விருந்து இருந்தால், சீக்கிரமாகவே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். மது வேண்டாம். அது தூக்கத்தின் பிற்பாதியைக் கெடுக்கும், சிறுநீரைக் கூட்டும். இரண்டுமே அதிகாலை ஓட்டத்துக்கு ஆகாதவை.

காலையில் வெறும் வயிற்றில் ஓடலாமா?

40 நிமிடத்தில் முடியும் ஓட்டத்துக்கு வெறும் வயிறே போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். பயிற்சியிலும் அப்படியே ஓடிப் பழகியவர்கள் என்றால் பரவாயில்லை. மற்றவர்கள் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டே வரவேண்டும். தசையில் சேர்ந்த சர்க்கரை இரவு முழுவதும் அப்படியே இருக்கும். கல்லீரலில் இருப்புதான் குறையும். ரத்தத்தில் சர்க்கரையைச் சமமாக வைத்திருப்பது கல்லீரல் என்பதால், அதை மட்டும் நிரப்பினால் போதும்.

இரண்டு மணி நேரத்துக்கு முன் என்றால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்து. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராம். இரண்டு துண்டு வெள்ளை ரொட்டி, மேலே ஒரு கரண்டி ஜாம், ஒரு வாழைப்பழம்: கணக்கு சரியாகிவிடும். நார்ச்சத்து, எண்ணெய், பால் மூன்றும் அன்று காலை வேண்டாம். வயிற்றை விட்டு மெதுவாகத்தான் போகும், அல்லது நடுவழியில் கலக்கும். பயிற்சி நாளில் இரண்டு முறையாவது சாப்பிட்டு ஓடிப் பார்க்காத எதையும் பந்தயக் காலையில் தொடாதீர்கள்.

அரை மாரத்தானுக்கு: 90 நிமிடத்துக்கு மேல் ஓடுவீர்கள் என்றால் ஓடும்போதும் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். சோர்வு வந்த பிறகு ஜெல்லை (மாவுச்சத்துக் கூழ் அடைத்த சிறு பாக்கெட்) பிரிப்பதில் பயனில்லை. முதலாவதை 35–40 நிமிடத்தில் எடுங்கள், தண்ணீரோடு.

காபி?

பழக்கம் உள்ளவர்கள் குடிக்கலாம். காஃபீன் ரத்தத்தில் உச்சம் தொட 30 முதல் 60 நிமிடம் ஆகும். எனவே 5:00 மணி வாக்கில். கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை பலன் தரும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன; அதைத் தாண்டினால் படபடப்பும் வயிற்றுக் கலக்கமும்தான் கூடுகின்றன. காபிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூடாக ஏதாவது வயிற்றில் இறங்கினால் பெருங்குடல் அசையத் தொடங்கும். அதற்காகவே சிலர் 3:45-க்கு அரை டம்ளர் குடித்துவிடுகிறார்கள். புத்திசாலித்தனம்தான்.

எவ்வளவு தண்ணீர்?

எழுந்ததும் 300 முதல் 400 மி.லி. அதன் பிறகு தாகத்துக்குச் சிறு மடக்குகள். 5:15-க்கு மேல் நிறுத்திவிடுங்கள்; குடித்தது சிறுநீராக இறங்க முக்கால் மணி நேரம் போல ஆகும். தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன் இரண்டு மடக்கு குடித்தால் அது ஓட்டத்தின் கணக்கில் போய்விடும், தொந்தரவு தராது.

"முடிந்தவரை குடியுங்கள்" என்ற பழைய அறிவுரையைக் கைவிடுங்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும். தலைவலி, வாந்தி, விரல் வீக்கம், குழப்பம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். இது வேகமாக ஓடுபவர்களுக்கு அரிது. அரை மாரத்தானை இரண்டரை மணி, மூன்று மணி என்று ஓடி, ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிப்பவர்களுக்கே வருகிறது. ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால், அதிகம் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

எண் அட்டையை எப்படிக் குத்துவது? சிப் எங்கே இருக்கிறது?

பல பந்தயங்களில் நேரம் பதியும் சிப், அட்டையின் பின்புறம் ஒட்டிய மெல்லிய பட்டைதான். அதன் நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. இருபுறமும் வெள்ளிக்கோடு போல ஓடுவது ஆன்டெனா. சில அட்டைகளில் அதன் மேல் நுரைப் பட்டை ஒன்று தடிமனாக ஒட்டியிருக்கும். "குத்துகிறது" என்று அதைப் பிய்த்துவிடுவோர் உண்டு. பிய்க்கக் கூடாது. மனித உடலில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீர் அந்த ரேடியோ அலையை விழுங்கிவிடும். சிப்பை ஈரத் தோலிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி வைப்பதற்கே அந்த நுரை.

அட்டையை மடிக்காதீர்கள், சுருட்டாதீர்கள். ஆன்டெனா ஒடிந்தால் நேரம் பதியாது. நான்கு மூலையிலும் ஊக்கு. கீழ் இரண்டையும் மறந்தால் காற்றில் அடித்துக் கிழியும். சட்டையைப் போட்டுக்கொண்டு குத்தினால் கோணலாகும்; மேசை மேல் விரித்து வைத்துக் குத்துங்கள், மேல் ஊக்குகளை முதலில், பிறகு துணியைச் சற்றுத் தளர்த்திக் கீழ் ஊக்குகளை. அட்டை முன்புறம், மார்புக்கும் வயிற்றுக்கும் இடையில் இருக்கட்டும். மேலே ஜாக்கெட், போன் பை, தண்ணீர்க் குப்பி எதுவும் மறைக்கக் கூடாது. அட்டையின் பின்னால் ரத்த வகையும் அவசர எண்ணும் எழுத இடம் இருக்கும். மழையிலும் வியர்வையிலும் கரையாத பேனாவால் எழுதுங்கள்.

நண்பர் வரவில்லை. அவர் எண்ணில் நான் ஓடலாமா?

கூடாது. நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழுவின் கையில் இருப்பது அந்த எண் மட்டும்தான். ரத்த வகை அவருடையது, ஒவ்வாமை அவருடையது, அழைப்பு போவது அவர் வீட்டுக்கு. ஐம்பது வயது ஆண்கள் பிரிவில் இருபத்தைந்து வயதுக்காரர் பரிசு வாங்கும் அபத்தம் அதற்கு அடுத்ததுதான்.

உடை, ஷூ?

பந்தயத்துக்கென்று வாங்கிய புது ஷூவை அன்று முதல்முறை போடாதீர்கள். குறைந்தது 30–40 கி.மீ. ஓடிப் பழக்கியிருக்க வேண்டும். பருத்தி சாக்ஸ் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரம், சூடு, உரசல் மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். அக்குள், உள்தொடை, முலைக்காம்பு, உள்ளாடையின் விளிம்பு படும் இடம் எல்லாவற்றிலும் வாசலின். காலையில் சற்றுக் குளிராக இருந்தாலும் காற்று 8–10 டிகிரி கூடுதலாக இருப்பதாக நினைத்து உடுத்துங்கள், 2 கி.மீ. தாண்டியதும் அந்த அளவுக்குச் சூடேறிவிடும். தொடக்கத்தில் குளிரத்தான் வேண்டும். குளிரவில்லை என்றால் அதிகம் போர்த்தியிருக்கிறீர்கள்.

லேஸ் இரட்டை முடிச்சு. அவ்வளவுதான்.

வார்ம்அப் எப்படி? 10 கி.மீ. ஓடப்போகிறவருக்கு அது வீண் சோர்வு இல்லையா?

மாலைப் பந்தயத்துக்கு 8 நிமிடம் போதும் என்றால் விடியற்காலைக்கு 15 நிமிடம் வேண்டும். முதல் 3 நிமிடம் வேக நடை. அடுத்த 7 நிமிடம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெல்லோட்டம். பிறகு காலை முன்னும் பின்னும் வீசுதல், முழங்காலை உயர்த்துதல், குதிகாலால் பின்புறத்தைத் தொடுதல், ஒவ்வொன்றும் 20 தடவை. கடைசியாகப் பந்தய வேகத்தில் 15 நொடி ஓட்டம், நான்கு முறை, நடுவில் ஒரு நிமிடம் நடை. நின்ற இடத்தில் ஒரு தசையை அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று இழுத்துப் பிடிக்கும் பயிற்சியை இப்போது செய்யாதீர்கள். ஓடி முடித்தபின் வைத்துக்கொள்ளலாம். முழுதும் நடந்தே முடிக்கப் போகிறவர்களுக்கு முதல் 3 நிமிடம் போதும்.

தொடக்கக் கோட்டில் எங்கே நிற்பது?

உங்கள் வேகத்துக்குரிய இடத்தில். சிப் உள்ள பந்தயத்தில் உங்கள் நிகர நேரம் நீங்கள் தொடக்கப் பாயை (சிப்பைப் படிக்கும் விரிப்பு) மிதித்த பிறகே ஓடத் தொடங்கும்; பின்னால் நின்றதால் உங்கள் நேரம் கூடப் போவதில்லை. ஆனால் வெற்றியாளர் வரிசையை விசில் ஊதிய நேரத்திலிருந்துதான் பெரும்பாலும் கணக்கிடுவார்கள். பரிசுக்கு ஓடுபவர் முன்னால் நிற்க வேண்டும். மற்றவர்கள் முன்னால் நின்றால் இரண்டு நஷ்டம்: பின்னால் வருபவர்கள் முட்டுவார்கள், நீங்களும் அவர்கள் வேகத்தில் இழுபடுவீர்கள். தள்ளுவண்டியும் நடப்பவர்களும் கடைசியில். நான்கு பேர் கைகோத்து நடந்தால் சாலையே அடைபடும்; இரண்டு பேர் போதும், அதுவும் ஓரமாக.

எந்த வேகத்தில் தொடங்குவது?

இதில்தான் பெரும்பாலான காலைகள் வீணாகின்றன. குளிர்ந்த காற்று, கூட்டம், ஒலிபெருக்கி, துள்ளும் மனது. முதல் 1 கி.மீ. சும்மா பறக்கும். அப்போது மூச்சு உங்களுக்கு உண்மை சொல்லாது. இதயமும் நுரையீரலும் சுமைக்கு ஏற்பத் தம்மைச் சரிசெய்ய இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அதற்குள் நீங்கள் கடன் வாங்கிவிடுவீர்கள். வட்டி 7-வது கிலோமீட்டரில் கட்ட வேண்டியிருக்கும்.

60 நிமிட இலக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி, கிலோமீட்டருக்கு 6:00. முதல் 1 கி.மீ.-ஐ 6:15-இல் ஓடுங்கள். 15 நொடி போய்விட்டதே என்று பதற வேண்டாம். மீதி 9 கி.மீ.-க்கு 53:45 இருக்கிறது, அதாவது கிலோமீட்டருக்கு 5:58. இரண்டு நொடிக்கும் குறைவான வேகக் கூடுதல், காலுக்குத் தெரியவே தெரியாது. மாறாக முதல் 1 கி.மீ.-ஐ 5:20-இல் ஓடி 40 நொடி "சேமித்தவர்" 7, 8, 9 மூன்றிலும் 6:30 ஓடினாலே அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல் இழந்துவிடுகிறார்.

2 முதல் 6 வரை கடிகாரத்தைக் கிலோமீட்டர் பலகையில் மட்டும் பாருங்கள். நெரிசலில் இடமும் வலமும் நெளிந்து முந்தாதீர்கள். ஒவ்வொரு நெளிவும் கூடுதல் தூரம். 7-வதில் எல்லோருக்கும் கனக்கும். அங்கே வேகம் கூட்ட வேண்டாம், கைவீச்சை மட்டும் ஒழுங்காக வையுங்கள், கால் அதைப் பின்தொடரும். 9-வது பலகை தாண்டிய பிறகு மிச்சமிருப்பதைச் செலவழிக்கலாம்.

இருட்டில் ஓடுவதில் என்ன கவனம்?

சாலையை மூடியிருந்தாலும் குறுக்கே வரும் வண்டி இல்லை என்று நினைக்காதீர்கள். இரவு விழித்திருந்து வீடு திரும்பும் ஓட்டுநர் அரைத் தூக்கத்தில் இருப்பார். ஒளிரும் பட்டை காலிலும் கையிலும் இருந்தால் அசைவு தெரியும், மார்பில் இருப்பதைவிட அது சீக்கிரம் கண்ணில் படும். இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம்.

விடியும் முன் தரையில் பனி ஈரம் இருக்கும். வெள்ளைக்கோடு, மேன்ஹோல் மூடி, வேகத்தடையின் பெயின்ட் மூன்றும் வழுக்கும். திருப்பத்தில் அவற்றின் மேல் கால் பதிக்காமல் தாண்டிப் போங்கள். சூரியன் உதித்த முதல் அரை மணி நேரம் கிழக்கு நோக்கி ஓடும் பகுதியில் எதிரே எதுவும் தெரியாது. முன்விளிம்பு வைத்த தொப்பி கைகொடுக்கும்.

தண்ணீர் மேசையில் ஏன் எப்போதும் மோதல்?

எல்லோரும் முதல் மேசையிலேயே கை நீட்டுவதால். கடைசி மேசைக்குப் போங்கள், அங்கே ஆளே இருக்காது. பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு ஓரத்துக்கு வந்து, கொடுப்பவரின் கண்ணைப் பார்த்துக் கப்பை எடுங்கள். காகிதக் கப்பின் விளிம்பைக் கிள்ளி மூக்குப் போலச் செய்து அதன் வழியே குடித்தால் முகத்தில் கொட்டாது. நிற்க வேண்டும் என்றால் மேசையைத் தாண்டி 10 மீட்டர் போய் ஓரமாக நில்லுங்கள்.

தூரம் 10 கி.மீ. என்கிறார்கள், என் கடிகாரம் 10.14 காட்டுகிறதே?

முறையாக அளந்த பாதை என்றால் பாதைதான் சரி. அளவெடுப்பவர்கள் சக்கரச் சுற்றை எண்ணும் ஜோன்ஸ் கவுன்டர் பொருத்திய சைக்கிளில், திருப்பங்களின் உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி, சாத்தியமான மிகக் குறுகிய கோட்டில் ஓட்டி அளக்கிறார்கள். குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் சேர்ப்பார்கள். ஆகவே 10 கி.மீ. பாதை தொடங்கும்போதே 10.01. நீங்கள் அந்தக் குறுகிய கோட்டில் ஓடுவதில்லை. ஒரு செங்கோணத் திருப்பத்தை 3 மீட்டர் வெளியே தள்ளி எடுத்தால் 4.7 மீட்டர் கூடும். 15 திருப்பத்தில் 70 மீட்டர். மீதி, கட்டடங்களுக்கு நடுவில் ஜிபிஎஸ் தடுமாறுவது.

விலாவில் பிடிப்பு வந்தால்?

வேகத்தைக் குறைத்து, வலிக்கும் இடத்தை விரலால் அழுத்தி, வாயைக் குவித்து நீளமாக மூச்சை விடுங்கள். பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் விடும். ஓடுவதற்குச் சற்று முன் நிறையச் சாப்பிட்டாலோ இனிப்பு பானம் குடித்தாலோ வரும் வாய்ப்பு அதிகம்.

எப்போது ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும்?

நெஞ்சு வலி அல்லது அழுத்தம், தாடை அல்லது இடது கைக்குப் பரவும் வலி, படபடவென்று ஒழுங்கில்லாத இதயத் துடிப்பு, கண் இருட்டல், காரணமில்லாத குளிர் நடுக்கம், எங்கே ஓடுகிறோம் என்ற குழப்பம். இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இடத்திலேயே நின்று அருகில் உள்ள தன்னார்வலரிடம் சொல்லுங்கள். முதல் நாள் காய்ச்சல், மார்புச் சளி, வயிற்றுப்போக்கு இருந்தவர்கள் தொடக்கக் கோட்டுக்கே வர வேண்டாம்.

மற்றவர் விழுவதைப் பார்த்தால்: எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகு விழுபவருக்குப் பெரும்பாலும் ரத்த அழுத்தம் தாழ்ந்ததுதான் காரணம், படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் தெளிந்துவிடும். பாதையின் நடுவில் விழுபவர் அப்படியல்ல. உளறுகிறார், உடல் கொதிக்கிறது என்றால் வெப்ப வாதம். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டும், நெற்றியில் வைப்பது ஏமாற்றும். முதலில் ஐஸ் தண்ணீரில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். அசைவும் இயல்பான மூச்சும் இல்லை என்றால் உடனே மார்பை அழுத்தத் தொடங்குங்கள், இன்னொருவரை இதய மின்னதிர்ச்சிக் கருவிக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு நிமிடத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது.

வலி வராமல் இருக்க முன்கூட்டியே மாத்திரை போடலாமா?

இபுபுரூஃபன் வகை மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். ஓடும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இவை அதை மேலும் குறைக்கும், வயிற்றையும் அரிக்கும்.

முடித்ததும் உடனே உட்காரலாமா?

உட்காராதீர்கள், 10 நிமிடம் நடங்கள். கெண்டைக்கால் சதைதான் கீழிருந்து ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. சட்டென நின்றால் ரத்தம் காலில் தேங்கி, தலை சுற்றும். எல்லைப் பாயின் மேல் நின்று செல்ஃபி எடுப்பதும் வேண்டாம், பின்னால் வருபவர்களுக்கு இடம் வேண்டும். ஈரச் சட்டையை மாற்றுங்கள். அரை மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிடுங்கள்.

முடிவுப் பட்டியலில் என் பெயர் இல்லை.

அட்டை மடிந்திருக்கலாம், மறைந்திருக்கலாம், அல்லது நடுவழிப் பாய் ஒன்றை ஓரமாகத் தாண்டியிருக்கலாம். எண், முடித்த உத்தேச நேரம், உங்கள் கடிகாரப் பதிவு, உங்களுக்கு முன்னும் பின்னும் முடித்தவர்களின் எண் தெரிந்தால் அதுவும் எழுதி அனுப்புங்கள். எல்லைக் கோட்டுக் கேமராவில் தேடுவதற்கு அது போதும். விடுமுறை என்பதால் பதில் அடுத்த வேலை நாளில்தான் வரும்.

மறுநாள் வேலைக்குப் போக முடியுமா?

போகலாம். தசை வலி 12 முதல் 24 மணி நேரத்தில்தான் ஏறத் தொடங்கும், பெரும்பாலும் 48 மணி நேரத்தை ஒட்டி உச்சம். ஆகவே மறுநாளைவிட அதற்கு அடுத்த நாள்தான் படியிறங்கக் கஷ்டமாக இருக்கும். மாடியில் வேலை செய்பவர்கள் அன்று கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில் இறங்குங்கள்.